தொட்டிக்குள் ஒரு தோட்டம் – 11: வேருக்கு மூச்சு முட்டும் மாதம்

செடி வாடியிருந்தால் கை தானாகச் செம்பைத் தேடும். வாடிய முகத்தைக் கண்டால் முதலில் தண்ணீர் கொடுப்பதுதான் நம் பழக்கம். செடிக்கு மட்டும் வேறு நியாயமா என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் காஞ்சிபுரத்து மொட்டை மாடிகளிலும் பின்கட்டுகளிலும் சாகிற துளசி, கறிவேப்பிலை, மல்லிச் செடிகளில் பலவும் இந்தத் தாராள மனசால்தான் சாகின்றன.

அந்த இரண்டு மாதம் இந்த ஊரில் எப்படி இருக்கும் என்று தறிக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் கால் வைக்கிற குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். நூல் ஈரம் கோத்துக்கொள்ளும், தறி ஓடாது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்க்கிற பகுதி இது. 2015 டிசம்பர் 1 அன்று, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானதை நாம் மறந்திருக்க மாட்டோம். வானம் இப்படி ஊற்றிக்கொண்டிருக்கும்போதும் காலையில் குளித்துவிட்டு வந்து துளசி மாடத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிற்காது. பத்துப் பன்னிரண்டு நாளில் அடி இலை மஞ்சளாகும். நுனி தொங்கும். “ஐயோ, வாடுதே” என்று மாலையிலும் ஒரு செம்பு ஊற்றுவோம். அது செடிக்குக் கடைசிச் செம்பாகக்கூட இருக்கலாம்.

தண்ணீரில் நிற்கிற செடி ஏன் வாட வேண்டும்? இதைப் புரிந்துகொண்டால் மீதி வைத்தியம் பாதி தெரிந்த மாதிரி.

வேர் உயிருள்ள பொருள். இலை அனுப்புகிற சர்க்கரையை எரித்துத்தான் அது வேலை செய்கிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நல்ல மண்ணில் துகள்களுக்கு இடையே காற்றறைகள் இருக்கும். வேர் அங்கிருந்து மூச்சு வாங்கும். அந்த அறைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் உள்ளே வர வேண்டியது தண்ணீர் வழியாக. காற்றில் பரவுவதைவிட தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இருந்த ஆக்சிஜனை வேரும் மண்ணில் உள்ள கிருமிகளும் சீக்கிரமே தீர்த்துவிடும். மூச்சு முட்டிய வேர் அடுத்துச் செய்வதுதான் விசித்திரம். பிரான்சில் மோன்பெலியே ஆய்வாளர்கள் 2003இல் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியை வைத்து இதைக் காட்டினார்கள். ஆக்சிஜன் இல்லாதபோது வேர்ச் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. தண்ணீரை உள்ளே விடுகிற நுண்துளைப் புரதங்கள் அதனால் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர், உள்ளே வர வழியில்லை. இலை தாகத்தால் தொங்குகிறது. நாம் மேலும் ஊற்றுகிறோம்.

இங்கே காஞ்சிக்காரர் ஒருவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் அத்தி வரதர் நாற்பது ஆண்டு நீருக்குள் இருக்கிறார். 1979க்குப் பிறகு 2019 ஜூலை 1 அன்று தரிசனம் தொடங்கி, ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள் ஊரே திணறியது. ஜூலை முழுக்கக் கிடந்த கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். அத்தி மரத் திருமேனி. அத்தனை வருடம் தண்ணீரில் கெடாத மரம் எங்கே, பத்து நாளில் அழுகிப் போகிற என் வீட்டுத் துளசி எங்கே?

பக்தருக்கு அது பெருமாள் சித்தம். அதில் நான் தலையிடவில்லை. தாவரவியல் தரப்பில் சொல்ல முடிந்தது இவ்வளவு: மரத்தை அரிக்கிற பூஞ்சைகளுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆழத்தில் சேறும் நீரும் மூடிய இடத்தில் அது இல்லை. அதனால் முழுக்க நீருக்குள் கிடக்கிற கட்டை நெடுங்காலம் தாங்கும். நீரும் காற்றும் மாறி மாறிப் படுகிற இடத்துக் கட்டைதான் சீக்கிரம் உளுத்துப்போகும். வெட்டிய மரம் மூச்சு விடுவதில்லை. அதற்குக் காற்றின்மை காவல். வேர் மூச்சு விடுகிறது. அதற்குக் காற்றின்மையே எமன். அப்படியானால் நெல் எப்படித் தண்ணீரில் நிற்கிறது என்றால், அதன் தண்டிலிருந்து வேர் வரை காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. தாமரைக்கும் அப்படியே. துளசிக்கு அந்த வசதி கிடையாது.

மூச்சுத் திணறல் மட்டும் என்றால் தண்ணீரை நிறுத்தினால் செடி மீண்டுவிடும். பலவீனமான வேரைத் தேடி வருகிற பித்தியம் என்ற கிருமிதான் ஆபத்து. பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருக்கும். உண்மையில் பாசி வகைகளுக்கு நெருங்கிய உறவு. ஈர மண்ணில் வாலுள்ள வித்துகளை விடும். அவை தண்ணீரில் நீந்திப் போய் வேர்நுனியைப் பிடிக்கும். தண்ணீர் தேங்காத தொட்டியில் அவற்றால் அதிக தூரம் போக முடியாது.

இந்தியாவில் இதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் இ.ஜே. பட்லர். பிகார் பூசாவில் இருந்த அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பூஞ்சையியலாளர்; 1907இல் பித்தியம் இனத்தைப் பற்றி நீண்ட ஆய்வேடு எழுதினார். 1919இல் எல்.எஸ். சுப்பிரமணியம் இஞ்சி, புகையிலை, பப்பாளியை அழுகவைத்த ஒரு பித்தியத்தை விவரித்து அதற்குப் பட்லரின் பெயரையே வைத்தார்: பித்தியம் பட்லேரி. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர், அது பித்தியம் அஃபானிடெர்மேட்டம் எனப்படுகிற இனம்தான் என்று முடிவு செய்தார்கள். பெயர் போனாலும் நோய் போகவில்லை. தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் நாற்று தலை சாய்ந்து விழுவதற்கு இன்றும் அது ஒரு முக்கியக் காரணம். 2017இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் இண்டியானாவில் தொழில்துறைச் சணல்கஞ்சாப் பயிரின் தூரையும் வேரையும் அழுகவைத்தது இதே கிருமி என்று அறிவித்தார்கள். கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா சட்டப்படியானபின் கண்ணாடிக் கூடங்களில் லட்சக்கணக்கில் வளர்க்கிறவர்களுக்கும் வேரழுகல் பெரிய தலைவலி. (நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி அதை அனுமதியில்லாமல் வளர்ப்பதே குற்றம், தொட்டியில் ஒன்றே ஒன்று என்றாலும் குற்றம்தான். யாரும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டாம்.) லட்சங்களைக் கொட்டி ஈரத்தை அளக்கிறவர்களையே விடாத கிருமி, செம்பைக் கையில் வைத்திருக்கிற நம்மையா விடும்?

சரி, கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் இலையைத் தொடுங்கள். தண்ணீர் இல்லாமல் வாடிய இலை காய்ந்து நொறுங்கும். தண்ணீர் கூடி வாடியது துவண்டு மெத்தென்று இருக்கும். அடியிலிருந்து மஞ்சள் ஏறும். பிறகு விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விடுங்கள். இலை தொங்குகிறது, விரலில் ஈர மண் ஒட்டுகிறது என்றால் செம்பைக் கீழே வைத்துவிடலாம். மண்மேல் பச்சைப் பாசி, கையை அசைத்தால் எழும்பும் பொடிக் கறுப்புக் கொசுக்கள், தொட்டியைத் தூக்கினால் அசாதாரணக் கனம் எல்லாம் உடன் சாட்சிகள்.

கடைசித் தீர்ப்பு வேரில்தான். தொட்டியைச் சாய்த்து, விளிம்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, மண்கட்டியோடு செடியை உருவுங்கள். பலர் இதற்குப் பயப்படுகிறார்கள். சந்தேகத்தோடு பத்து நாள் காத்திருப்பதைவிட இது செடிக்கு நல்லது. முதலில் மூக்கு: நல்ல மண்ணுக்கு மழை வாசனை இருக்கும், கெட்ட மண் அடிப்பாகத்தில் அழுகிய முட்டை நாறும். அடுத்து கண்: ஆரோக்கியமான இளம் வேர் வெள்ளையாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பு நிறம். அதை இரு விரலில் பிடித்து மெல்ல உருவினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும், உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சும். ஒருமுறை இதைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் சந்தேகமே வராது.

தூரைத் தொட்டுப் பாருங்கள். மண்மட்டத்தில் தண்டு கறுத்து அமுங்கினால் வைத்தியம் வேண்டாம். துளசி என்றால் மேலே பச்சையாக உள்ள கிளையை ஒடித்துப் புதிதாக ஊன்றுங்கள், இல்லையேல் கதிரை உதிர்த்து விதையுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் போடாதீர்கள்; மூன்று மாதத்தில் அந்தச் செடியும் கிளம்பிவிடும்.

பாதி வேராவது வெள்ளையாக இருந்தால் காப்பாற்றலாம். மண்ணை உதறுங்கள். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, பழுப்பு வேரை எல்லாம் வெள்ளை தெரியும்வரை வெட்டுங்கள். எவ்வளவு வேர் போனதோ அந்த அளவு கிளையையும் குறையுங்கள். இருக்கிற வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. பிறகு பழைய தொட்டியைவிடச் சின்னதாக ஒன்றில் நடுங்கள். பெரிய தொட்டி கொடுத்தால் நிம்மதியாக வளரும் என்பது நம் ஆசை. சின்ன வேருக்குப் பெரிய தொட்டி என்றால் உறிஞ்ச ஆளில்லாத ஈரம் சுற்றிலும் நிற்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். ஒருமுறை தண்ணீர் விட்டு, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் உலர்ந்தபின் அடுத்த தண்ணீர். துளிர் விடும்வரை யூரியா, பஞ்சகவ்யா எதுவும் வேண்டாம்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வேரழுகல் என்று சொன்னதும் கடைகளில் பெரும்பாலும் கார்பன்டாசிம் எடுத்து நீட்டுவார்கள். அது அசல் பூஞ்சைகளுக்கு வேலை செய்யும்; பித்தியத்துக்கும் அதன் பங்காளி ஃபைட்டாப்தோராவுக்கும் செய்யாது. அவற்றுக்குத் தாமிரம், அல்லது மெட்டலாக்சில் வகை வேண்டும். தாமிரத்தின் கதை பழையது: பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைக்காக மில்லார்டே 1885இல் வெளியிட்ட மயில்துத்தம்–சுண்ணாம்புக் கலவைதான் நம் வெற்றிலைக் கொடிக்காலிலும் வாடல் நோய்க்குத் தூரில் ஊற்றுகிற போர்டோ கலவை. தொட்டிக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து மண் நனைய ஒருமுறை ஊற்றினால் போதும். பறித்துச் சாப்பிடுகிற செடி, தீர்த்தத்துக்குப் போகிற துளசி என்றால் நான் இதற்குப் போகவே மாட்டேன். டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து, லேசான ஈரத்தோடு நிழலில் பதினைந்து நாள் வைத்திருந்து தூரில் போடுவதே பாதுகாப்பு. அரசின் மாடித்தோட்டத் தளைகளிலும் இது ஒரு பொட்டலமாக வந்தது; பலர் வீட்டில் பிரிக்காமலே கிடந்திருக்கும். அது உயிருள்ள பூஞ்சை, தேதி முடிந்தால் வெறும் பொடி. தாமிர மருந்தோடு சேர்த்து ஊற்றினால் அதுவும் செத்துப்போகும். மஞ்சள்தூளைப் பற்றிக் கேட்கிறார்கள்: வெட்டுக்காயத்தில் தடவலாம், தவறில்லை. அழுகிய வேரை அது மீட்டதாக நான் பார்த்ததில்லை.

இனி தொட்டியின் அடிப்பாகம். ஓட்டுச்சில்லு, ஜல்லி என்று மூன்று அங்குலம் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பாட்டி காலத்திலிருந்து நம்புகிறோம். வடியாது. சாயம் தோய்த்த நூல்கழியைக் கம்பில் மாட்டித் தொங்கவிட்டால் மேற்பாதி உலர்ந்த பிறகும் அடி நுனி சொட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். மண்ணிலும் தண்ணீர் அப்படித்தான் அடியில் தங்கி நிற்கும். பொடி மண்ணிலிருந்து பெரிய கற்களுக்கு இறங்க வேண்டுமானால் மண்ணின் அடி முழுக்க ஊறி நிரம்பியாக வேண்டும். ஜல்லி போட்டால் அந்த ஊறிய பட்டை மூன்று அங்குலம் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான் லாபம். மண் ஓடாமல் இருக்க ஓட்டையின்மேல் ஒரு சில்லு கவிழ்த்தால் போதும். வடிய வேண்டியது மண்ணே. அதற்கு மணல் கலப்பதுதான் வழி. இன்னொன்று, ஊறிய பட்டையின் உயரம் மண்ணைப் பொறுத்தது, தொட்டியைப் பொறுத்ததல்ல. எனவே அழகுக்காக வாங்குகிற தட்டைத் தொட்டிகளில்தான் அழுகல் அதிகம். தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பிய பைகளில் மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்து ஊற்றாதீர்கள். தொட்டிக்குக் கீழே வைத்த தட்டில் தண்ணீர் நின்றால் அன்றே கொட்டிவிடுங்கள்.

சிமென்ட் துளசி மாடங்களில் பலவற்றுக்கு வடிகால் ஓட்டையே கிடையாது. கொத்தனார் கட்டும்போது நினைப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. உள்மண்ணின் அடிமட்டத்தில் டிரில்லால் இரண்டு ஓட்டை போட அரைமணி நேரம் ஆகும். தினம் தண்ணீர் விடுகிற வழக்கத்தை மழைக்காலத்தில் விட மனசில்லாதவர்களுக்கு, பூஜையறையிலேயே கருவி இருக்கிறது. செம்புக்குப் பதில் உத்தரணியால் ஒரு உத்தரணி விடுங்கள். பூஜையும் ஆயிற்று, துளசியும் தைவரைக்கும் நிற்கும்.

(தொடரும். அடுத்த வாரம்: செம்பருத்தியில் மாவுப்பூச்சி)