பொய்த் தூண்டிலும் மெய்க் கணக்கும்

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கி 8.1 கோடி டாலரை இணையக் கொள்ளையரிடம் இழந்தது. இலங்கை அறக்கட்டளை ஒன்றின் பெயருக்கு அனுப்பப்பட்ட மேலும் 2 கோடி டாலர், அப்பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் ஐயம் எழுந்து தடுக்கப்பட்டது. அந்தக் கொள்ளையர் வேலை தேடும் இளைஞரைப் போல வங்கி ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியே உள்ளே நுழைந்தனர் என்று, 2018-இல் வெளியான அமெரிக்கக் குற்றச்சாட்டு ஆவணம் கூறுகிறது. அதே 2018-இல், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்தும் 'ஸ்விஃப்ட்' வழியாக மூன்று மோசடிப் பரிமாற்றங்கள் நடந்தன. தொகை ஏறத்தாழ 20 லட்சம் டாலர்.

இத்தகைய இழப்புகளுக்கு அஞ்சும் நிறுவனங்கள், தம் ஊழியருக்குத் தாமே பொய் மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கின்றன. 'உங்கள் கடவுச்சொல் இன்றுடன் காலாவதியாகிறது', 'ஊதியச் சீட்டைக் காண இங்கே சொடுக்கவும்' என்று வரும். சொடுக்கினால் பணம் போகாது, பெயர் பதிவாகும். எங்கள் இடையஞ்சாவடியிலிருந்து புதுச்சேரி அலுவலகங்களுக்கு நாள்தோறும் சென்றுவரும் இளைஞர்களுக்கும் இது புதிதல்ல. ஊழியரின் விழிப்புணர்வை அவ்வப்போது மதிப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஜூனிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. எனவே சோதிப்பது தவறன்று. சோதனையின் கணக்கு எங்கே போகிறது, யார் எடுக்கிறார்கள் என்பதுதான் பொதுவெளியில் பேசப்படாத செய்தி.

'கோஃபிஷ்' என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இதில் நடத்தப்படும் ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, 'ஏபிஐ' எனப்படும் இணைய இடைமுகத்திடம் இன்னொரு கணினி நிரல் விவரம் கேட்கலாம். கேட்பவர் யார் என்பதற்கு ஒரு சாவி, அதாவது நீண்ட எழுத்துத் தொடர், போதும். யாருக்கு அஞ்சல் போனது, யார் திறந்தார், யார் இணைப்பைச் சொடுக்கினார், யார் போலிப் படிவத்தை நிரப்பினார், யார் ஐயுற்றுப் புகார் செய்தார் என்பதெல்லாம் பெயர், மின்னஞ்சல் முகவரி, பதவி, இணைய முகவரி, நேரம் ஆகியவற்றோடு நொடியில் வந்து சேரும். போலிப் படிவத்தில் தட்டச்சு செய்த கடவுச்சொல்லையும் சேமிக்குமாறு அமைக்க முடியும். அப்படிச் சேமித்தால் மறையாக்கம் இன்றி வெட்டவெளிச்சமாகவே இருக்கும். அதே சாவியைக் கொண்டு புதிய சோதனையைத் தொடங்கலாம், பழையதை அழிக்கலாம். இத்தகைய சாவியை ஏதோ ஓர் அறிக்கை நிரலுக்குள் எழுதி வைத்துவிட்டு மறந்துபோகும் அலுவலகம், திருடனைப் பிடிக்கக் கட்டிய வீட்டின் கதவைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும்.

வந்து சேரும் கணக்காவது மெய்யா? முழுவதும் இல்லை. அஞ்சலில் பதித்த, கண்ணுக்குத் தெரியாத சிறு படம் தரவிறங்கினால்தான் 'திறந்தார்' என்று பதிவாகும். படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் முழுதும் படித்தாலும் கணக்கில் வரமாட்டார். 2021 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் அஞ்சல் செயலி, பயனர் திறக்காமலேயே படங்களை முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது. அங்கே படிக்காதவரும் படித்தவராகிறார். அலுவலகத்தின் பாதுகாப்பு மென்பொருளே இணைப்பைச் சோதிக்கும் பொருட்டுச் சொடுக்கிப் பார்ப்பதும் உண்டு. அந்தச் சொடுக்கு ஊழியரின் பெயரில் ஏறும். அஞ்சல் சென்ற ஓரிரு நொடிக்குள், தரவு மையம் ஒன்றின் முகவரியிலிருந்து பதிவான சொடுக்கு மனிதருடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. நேரத்தையும் முகவரியையும் ஒப்பிட்டுச் சலிக்காமல் ஒருவருக்கு எச்சரிக்கைக் குறிப்பாணை அனுப்புவது அநீதி.

இங்கே பொருளியலுக்கும் வேலை இருக்கிறது. பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைக் குறித்துச் சொன்னது, ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கி அதன்மேல் அழுத்தம் கொடுத்தால் அதன் ஒழுங்கு குலையும் என்பது. 'சொடுக்கு விகிதத்தை 5 சதவீதத்துக்குள் கொண்டு வா' என்று மேலிடம் கட்டளையிட்டால், பச்சைப் பொய்யாகத் தெரியும் அஞ்சலை அனுப்பி அந்த விகிதத்தை அடைந்துவிடலாம். ஊழியரைக் குற்றவாளியாக்க வேண்டுமெனில் அதற்கும் வழி உண்டு. 2020 டிசம்பரில் பெருந்தொற்றுக் காலத்தில், அமெரிக்காவின் கோடேடி நிறுவனம் 650 டாலர் விடுமுறை ஊக்கத்தொகை என்று பொய் அஞ்சல் அனுப்பியது. ஏறத்தாழ 500 பேர் சிக்கினர். கண்டனம் எழுந்தபின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த 500 என்ற எண் ஊழியரின் அறியாமையை அளந்ததா, தேவையை அளந்ததா?

சிக்கியவருக்கு உடனே பாடம் நடத்தினால் திருந்திவிடுவார் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுள்ளது. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியரை 15 மாதங்கள் கவனித்தனர். இவ்வகைப் பாடம் அவர்களை உறுதிப்படுத்தவில்லை; சிலவேளை மெத்தனத்தையே வளர்த்தது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ மருத்துவமனை அமைப்பில் சுமார் 19,500 ஊழியரிடம் எட்டு மாதங்கள் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையிலான வேறுபாடு 1.7 சதவீதமே. சூரிக் ஆய்வு நல்ல செய்தியும் சொன்னது: ஊழியர் ஐயுற்ற அஞ்சலைப் புகார் செய்ய எளிய வழி அமைத்தால், புதிய தாக்குதல்கள் விரைவில் வெளிப்பட்டன. சொடுக்கியவர் பட்டியலைவிட, முதல் புகார் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதே நிர்வாகம் கேட்க வேண்டிய கணக்கு.

அதற்குப் பெயர்கள் தேவையில்லை. அதே ஏபிஐ-யில் தனிநபர் முடிவுகளுக்கு ஒரு முகவரியும், மொத்தத் தொகைகளை மட்டும் தரும் சுருக்கத்துக்கு வேறொரு முகவரியும் உள்ளன. மேலிடத்துக்குச் சுருக்கமே போகலாம். புகார் வந்த நேரத்தையும் பெயரை நீக்கி எடுத்துத் தரலாம். மரக்காணத்து உப்பளத்தில் உப்பு விளையும் பருவத்தை அறியப் பாத்தி நீரின் அடர்த்தியை அளந்தால் போதும், ஒவ்வொரு துளியையும் விசாரிக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் துணை இங்கே மெலிந்தது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கத்துக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இன்றியே தரவைக் கையாள இடம் தருகிறது. ஆனால் தரவைப் பத்திரமாகக் காக்கவும், நோக்கம் முடிந்தபின் அழிக்கவும் 8-ஆவது பிரிவு கடமை விதிக்கிறது. ஆகவே தொழிற்சங்கங்கள் 'சோதிக்காதே' என்று வாதிடுவதைக் காட்டிலும், தனிநபர் பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படும், சாவி எத்தனை பேரிடம் உள்ளது, பதவி உயர்வுக் கோப்பில் அது ஏறுமா என்ற மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை கேட்கலாம்.