தன் விதையைத் தானே புதைக்கும் செடி

வட அமெரிக்கக் காடுகளில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் சாம்பல் அணிலுக்கு வேலை தலைக்கு மேல். ஓக் மரத்துக் கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் இடத்துக்கு ஒன்றாகப் புதைக்கும். ஒரே குழியில் குவித்தால் வேறோர் அணில் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். வெள்ளை ஓக்கின் கொட்டை கீழே விழுந்த கொஞ்ச நாளிலேயே முளைவிடும் சுபாவம் கொண்டது. முளைத்தால் சேமிப்பு வீண். அதனால் புதைப்பதற்கு முன் அதன் முளைக்கருவை மட்டும் பல்லால் கடித்து எடுத்துவிடுகிறது அணில். சிவப்பு ஓக்கின் கொட்டை வசந்தம் வரை உறங்கும் என்பதால் அதைச் சேதமில்லாமல் புதைக்கிறது. புதைத்தவற்றில் எடுக்காமல் விட்டவை மரமாகின்றன. மரத்துக்கு வேண்டியதும் அந்த மிச்சம்தான்.

பனி உறையும் குளிர்காலம் இல்லாத ஊரில் வாழும் நம் மூன்று வரி அணிலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. நாம் அதிகம் கொறிக்கும் வேர்க்கடலையும் அணிலை நம்பிப் பிழைப்பதில்லை. புதைக்கும் வேலையை அது தானே செய்துகொள்கிறது. வயலில் அதற்கு நாம் செய்யும் பணிவிடை, அறுவடையில் படும் அவதி, அதில் ஒளிந்திருக்கும் நஞ்சு எல்லாமே இந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தவை.

தாவரவியல் கணக்கில் வேர்க்கடலை கொட்டையே அல்ல. துவரைக்கும் அவரைக்கும் உறவு. பிறந்த இடம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகு உலகைச் சுற்றி நம் மண்ணுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. தென்னார்க்காட்டுப் பக்கத்தில் இன்றும் அதற்கு மல்லாட்டை என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்தில் கச்சான், நல்லூர்த் திருவிழா என்றால் கச்சான் கடைகளும் சேர்ந்துதான்.

விதைத்த நான்கு வார வாக்கில் இலைக்கக்கத்தில் சின்ன மஞ்சள் பூ வருகிறது. விடியற்காலையில் மலர்கிறது. பெரும்பாலும் அதற்குள்ளாகவே தன் மகரந்தத்தால் தானே சூல்கொண்டு, வெயில் ஏறியதும் வாடிவிடுகிறது. மற்றச் செடியாக இருந்தால் பூ இருந்த இடத்திலேயே பிஞ்சு தொங்கும். இங்கே சூலகத்தின் அடிப்பகுதி காம்பாக நீள ஆரம்பிக்கிறது. ஊசி போன்ற நுனியில் சூலைச் சுமந்துகொண்டு அது தரையைத் தேடி இறங்குகிறது. ஆலமரத்துக்குச் சொல்வதுபோல இதையும் விழுது என்றே சொல்கிறோம். ஆனால் செய்யும் வேலையில் அந்த விழுதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விழுதின் நுனியில் உள்ள கரு சில செல்களாகப் பிரிந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. வெளிச்சம் இருக்கும் வரை அது அசையாது. நுனி மண்ணைத் துளைத்துச் சில சென்டிமீட்டர் ஆழம் போய், இருட்டும் மண்ணின் அழுத்தமும் கிடைத்த பிறகுதான் கரு மறுபடி வளர்கிறது. நுனி கிடைமட்டமாகத் திரும்பிக் காயாகப் பருக்கிறது. செடியின் உச்சியில் பூத்த பூக்களின் விழுதுகளில் பல தரையை எட்டாமல் அந்தரத்திலேயே காய்ந்துபோகின்றன. எனக்குத் தெரிந்து பயிர்களில் இதைவிட விசித்திரமான பிரசவம் கிடையாது.

மண்ணுக்குள் போன காய்க்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறுகிறது. இலைகள் நீரை ஆவியாக விடுவதால்தான் அந்த ஓட்டமே நடக்கிறது. ஈர மண்ணுக்குள் கிடக்கும் காய் நீரை ஆவியாக விடுவதில்லை. ஆகவே அந்தச் சத்து அதன் பக்கம் வருவதில்லை. இலைக்குப் போய்ச் சேர்ந்த சுண்ணாம்பும் திரும்பிக் கீழே இறங்காது. சர்க்கரையையும் மற்றதையும் தாய்ச்செடி விழுது வழியாக ஊட்டிவிடும்; சுண்ணாம்பை மட்டும் காயே தன் ஓட்டின் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு என்று தூக்கி எறிகிறோமே, அதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

விதைத்த 40, 45ஆம் நாள் வாக்கில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகவே. ஜிப்சம் என்பது சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த பொருள். அதை வேரடியில் ஆழமாக வைத்துப் பயனில்லை. விழுது இறங்கும் மேல்மண்ணில் இருக்க வேண்டும். மண் அணைப்பதால் எட்டாத விழுதுகளுக்கும் தரை கொஞ்சம் கிட்டே வருகிறது. விழுதுகள் இறங்கிய பிறகு மண்வெட்டியோடு யாரும் உள்ளே போகக் கூடாது.

புதைந்து கிடப்பது முற்றிவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. இளங்காயில் ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருக்கும். முற்றியதில் பழுப்பேறிக் கறுத்திருக்கும். முற்றிய பிறகும் நிம்மதி இல்லை. படர்ந்து வளரும் கொடிக்கடலையின் விதைக்குச் சில வாரமாவது உறக்கம் உண்டு. நிமிர்ந்து வளர்ந்து சுமார் 105 நாளில் விளையும் கொத்துக்கடலையில் பல ரகங்களுக்கு அது கிடையாது. பறிக்கும் நேரத்தில் நான்கு நாள் அடைமழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கருவைக் கடித்துவைக்க இங்கே அணிலும் இல்லை. கொத்துக்கடலைக்கு இரண்டு மூன்று வார உறக்கத்தைச் சேர்ப்பது இந்தப் பயிரில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு நெடுநாளைய வேலை.

மண் காய்ந்து இறுகினால் வேறு தொல்லை: பிடுங்கும்போது விழுது அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். பறிப்பு முடிந்த கொல்லையில் தப்பிய காய்களைக் கிளறிப் பொறுக்கப் பெண்களும் சிறுவர்களும் இறங்குவார்கள். அவர்களுக்கு முன்னாலேயே காகமும் எலியும் வந்திருக்கும். காட்டோர ஊர்களில் பன்றிகள் அறுவடை வரைகூடப் பொறுப்பதில்லை.

இனி தள்ளுவண்டிக்கு வருவோம். மண்ணுக்குள் விளைந்ததை மணலுக்குள் போட்டு வறுக்கிறார் கடலைக்காரர். வெறும் வாணலியில் காய் தொடுவது ஓரிரு இடத்தில்தான். அந்த இடம் கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். சூடேறிய மணல் காயை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. அள்ளிப் போட்ட கடலை குளிர்ச்சியாக இருந்தாலும் மணலின் சூடு சட்டென்று இறங்குவதில்லை. முதலில் பருப்பின் ஈரம் வெளியேறும். அது போன பிறகுதான் வெப்பம் மேலும் ஏறி, புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறம் மாறும். தெருமுனை வரை வரும் அந்த மணத்துக்குக் காரணம் அப்போது பிறக்கும் பைரசின் என்ற வேதிப்பொருள்கள். பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். சூட்டை விடாமல் பிடித்துவைத்திருக்கும், சல்லடையில் அள்ளிய பிறகும் உள்ளே வேகும். கைதேர்ந்தவர் முழுப் பதம் வருவதற்குச் சற்று முன்பே அள்ளிவிடுகிறார். சுடச்சுட வாயில் போட்டால் பருப்பு மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. பொட்டலம் செய்தித்தாளாக இருந்தால் வேறு தாள் கேட்டு வாங்கலாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்று 2016இலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. அந்தப் பொட்டலத்தின் அழகு எனக்கும் பிடிக்கும்தான்.

வறுவலால் முழுதும் போக்க முடியாத ஒன்று உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஒரு பூஞ்சை. அது உண்டாக்கும் நஞ்சு அஃப்ளாடாக்சின். ஈரலைக் கெடுப்பது, நாள்பட்டால் புற்றுநோய் தரவல்லது. அந்தப் பூஞ்சையின் இருப்பிடம் மண். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மழை பொய்த்து மண் கொதித்தால், புதைந்திருக்கும் காய்க்குள் அது சுலபமாக நுழைகிறது. பறித்த பிறகு சரியாக உலர்த்தாமல் மூட்டை கட்டினாலும் பெருகும். பருப்பு காய்ந்து, ஆட்டினால் காய் கலகலவென்று சத்தம் போட வேண்டும் என்று பெரியவர்கள் பார்ப்பது நல்ல சோதனை. நஞ்சுக்கு என்று தனிச் சுவை கிடையாது. ஆனால் பூசணம் பிடித்துக் கெட்ட பருப்பு பெரும்பாலும் சுருங்கி, நிறம் மாறி, கசக்கும். பொட்டலத்தில் அப்படி ஒன்று அகப்பட்டால் தூர எறியுங்கள். வாயில் போன பிறகு தெரிந்தால், பக்கத்தில் யார் இருந்தாலும் துப்பிவிடுங்கள்.