நலிந்த குஞ்சைக் காப்பாற்றுவது எப்படி?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் வட்டாரத்திலே நெல் பணம் அறுவடைக்குத்தான் வரும். தறிக்காரர் வீட்டிலே சேலை நெய்து கொடுத்தால்தான் கூலி. நடுவிலே ஒரு அவசரச் செலவு என்றால் கைகொடுப்பது கொல்லையிலே மேயும் நாலு கோழிதான். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை வரைதான் இடும். அதிலே 10, 12 முட்டையைப் பொறுக்கி அடை வைக்கிறோம். அந்த ஈட்டிலே ரெண்டு குஞ்சு போனாலும் நஷ்டம் நஷ்டம்தானே?

இந்தக் காட்சியை நீங்களே பார்த்திருப்பீர்கள். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்துவிட்டது. தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு அடையை விட்டு இறங்கிவிட்டது. கூடையிலே மூணு முட்டை மிச்சம். ஒன்றிலிருந்து 'கீச் கீச்' என்று சத்தம் வருகிறது. ஓட்டிலே சின்ன ஓட்டையும் தெரிகிறது. நாம் என்ன செய்கிறோம்? பாவம் என்று நகத்தாலே ஓட்டை உரித்து, குஞ்சை வெளியே எடுத்து, வாயிலே தண்ணீரும் ஊற்றிவிடுகிறோம். சாயங்காலத்துக்குள் குஞ்சு செத்துப்போகிறது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் அவசரம் அதைக் கொன்றுவிட்டது.

ஏன் அப்படி? குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளை போட்ட பிறகு, 12 மணி முதல் 24 மணி நேரம் வரை சும்மா கிடப்பதுபோல் தெரியும். அது சும்மா இல்லை. ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்விலே ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அந்த ரத்தம் குஞ்சின் உடம்புக்குள்ளே திரும்ப வேண்டும். மிச்சமுள்ள மஞ்சள் கருவும் தொப்புள் வழியாக வயிற்றுக்குள்ளே போக வேண்டும். இந்த இரண்டும் முடிவதற்குள் நாம் உரித்தால் ரத்தம் போகும், தொப்புளும் மூடாது.

ஆகையால் முதல் துளை விழுந்து ஒரு முழு நாள் வரை பொறுத்திருங்கள். முட்டைக்குச் சூடும் ஈரப்பதமும் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் முன்னேற்றம் இல்லை, சவ்வு காய்ந்து காகிதம்போல் குஞ்சோடு ஒட்டியிருக்கிறது என்றால் மட்டும் கை வைக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சாலே சவ்வை ஈரமாக்குங்கள். மூக்குத் துளையிலே தண்ணீர் படக்கூடாது. துளையைச் சுற்றி ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அதோடு நிறுத்திவிடுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். கடைசியாகக் காலை உதைத்து வெளியே வருகிற வேலையைக் குஞ்சுக்கே விட்டுவிடுங்கள்.

சரி, குஞ்சு வெளியே வந்துவிட்டது. ஆனால் நனைந்த துணிபோலக் கிடக்கிறது, தலை தூக்கவில்லை. இப்போது அதற்கு முதல் மருந்து சூடு. இரண்டாவது மருந்தும் சூடுதான். தண்ணீரும் தீவனமும் பிறகு. வயிற்றுக்குள்ளே போன மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும் கட்டுச்சோறு மாதிரி. ஆனால் உடம்பு குளிர்ந்துபோனால் அந்தச் சோறு செரிக்காது.

ஒரு அட்டைப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு நாலு துளை போடுங்கள். ஒரு பக்கமாக 40 வாட் குண்டு பல்பை ஒரு சாண் உயரத்திலே தொங்கவிடுங்கள். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிற எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. வெளிச்சம் வரும், சூடு வராது. குஞ்சு கிடக்கும் இடத்திலே 95 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். மறுபக்கம் வெப்பம் குறைந்து இருக்கட்டும். சூடு அதிகமானால் குஞ்சு நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே! விளக்கடியிலே ஒடுங்கிக் கத்தினால் குளிர் என்று பொருள். வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பல்பு அட்டையிலோ துணியிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையிலே கரண்ட் போய்விட்டால், பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்திலே வையுங்கள். கரி நெருப்பு வேண்டாம். புகையும் நச்சுக் காற்றும் குஞ்சைக் கொன்றுவிடும்.

அடியிலே வழவழப்பான செய்தித்தாள் போடாதீர்கள். கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோகும். பழைய சாக்கைத் துவைத்துக் காயவைத்து விரியுங்கள். கால் விரிந்த குஞ்சுக்கு, இரண்டு காலுக்கும் நடுவிலே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, மெத்தென்ற பருத்தித் துணிப் பட்டையாலே தளர்வாகக் கட்டுங்கள். தறி வீட்டிலே கைக்குக் கிடைப்பது பட்டு நூல்தான். அதை மட்டும் கட்டிவிடாதீர்கள், காலை அறுத்துவிடும். தினமும் அவிழ்த்துப் பாருங்கள். மூன்று நான்கு நாளிலே பெரும்பாலும் கால் சேர்ந்துவிடும்.

குஞ்சு உலர்ந்து, தலை தூக்கிய பிறகு தண்ணீர் காட்டலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரிலே இரண்டு டீஸ்பூன் குளுக்கோஸ் கலக்குங்கள், இல்லாவிட்டால் வெல்லம். அலகின் நுனியை மட்டும் அதிலே தொட்டு எடுங்கள், தானாக விழுங்கும். வாயைத் திறந்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். முதல் நாளைக்கு மட்டும் இந்தத் தண்ணீர் போதும். பிறகு சுத்தமான தண்ணீரும், குஞ்சுத் தீவனமோ நன்றாக உடைத்த நொய்யோ கொடுங்கள். தண்ணீர்த் தட்டிலே கூழாங்கல் நாலு போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது.

தொப்புளைப் பாருங்கள். லேசாகத் திறந்திருந்தால் பொவிடோன் அயோடின் ஒரு சொட்டு தொட்டு வையுங்கள். தொங்கும் நூல்போன்றதைப் பிடித்து இழுக்காதீர்கள். வயிறு உப்பி, நீலம் பாய்ந்து, நாற்றம் வந்தால் அது தொப்புள் சீழ். அந்தக் குஞ்சை உடனே தனியாகப் பிரித்து, பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலே காட்டுங்கள். நீங்களாகவே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாக் குஞ்சும் பிழைக்காது. ஆனால் சூடு குறைந்ததாலோ ஈரப்பதம் தவறியதாலோ நலிந்த குஞ்சு, முதல் மூன்று நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மற்றவற்றோடு சேர்ந்து வளர்ந்துவிடும். நன்றாக நடந்து மேயத் தொடங்கியதும், ராத்திரி நேரத்திலே தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் மெதுவாக விட்டுப் பாருங்கள். காலையிலே தாய் கொத்துகிறதா என்று கவனியுங்கள். கொத்தினால் திரும்ப எடுத்துவிடுங்கள்.

அடுத்த ஈட்டுக்கு இப்போதே யோசியுங்கள். ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். மின்சாரப் பொரிப்பான் வைத்திருப்பவர்கள், விசிறி உள்ள பெட்டியிலே 99.5 டிகிரி வெப்பம் காக்க வேண்டும். பதினெட்டாம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். குஞ்சு பொரிக்கும்போது, எத்தனை ஆச்சு என்று பெட்டியை அடிக்கடி திறந்து பார்க்கிறோமே, அதிலேதான் ஈரம் போய்ச் சவ்வு காய்கிறது. சூடு குறைந்த பெட்டியிலே குஞ்சு ஒன்றிரண்டு நாள் தாமதமாகும். 21 நாள் ஆனதும் முட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

செங்கற்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்திலே கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோழி வளர்ப்பிலே சந்தேகம் என்றால் அங்கே போய்க் கேளுங்கள்.

ஆக, நினைவிலே வைக்க வேண்டியது இதுதான்: ஓட்டுக்குள் இருக்கும்வரை பொறுமை, வெளியே வந்ததும் சூடு, தலை தூக்கிய பிறகு தண்ணீர். இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால், செத்தது என்று நீங்கள் ஒதுக்கிய குஞ்சு, ஆறேழு மாதத்திலே உங்கள் கொல்லையில் முட்டையிட்டுக் கொக்கரிக்கும்.