உங்களுக்குத் தெரியுமா? பதினாறு வயதும் ஓர் ஆசானும்

★ 2000-ல் வெளிவந்த ஹாலிவுட் படம் ‘ஃபைண்டிங் ஃபாரஸ்டர்’. வீட்டை விட்டு வெளியே வராத முதிய எழுத்தாளராக ஷான் கானரி. எழுத்தில் கெட்டிக்காரனான 16 வயது ஜமாலாக ராப் பிரவுன். ராப் அதற்கு முன் நடித்ததே இல்லை. துணை நடிகராகத் தலைகாட்டினால் தொலைபேசிக் கட்டணம் கட்டலாம் என்று போனவருக்குக் கதாநாயகன் வேடமே கிடைத்தது!

★ கிழவர் வீட்டில் ஜமால் விட்டுவிட்டு வந்த பை திரும்பி வருகிறது. திறந்து பார்த்தால், அவனுடைய நோட்டுகள் நெடுகத் திருத்தங்கள்! பிறகு ஒருநாள், தட்டச்சுப்பொறி முன் கை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறான். தம் பழைய கட்டுரையை எடுத்துக் கொடுத்து, அதையே தட்டத் தொடங்கச் சொல்கிறார் கிழவர். தட்டத் தட்ட அவனுடைய சொந்தச் சொற்கள் வந்து விழுகின்றன.

★ நம் தமிழிலும் ஒரு பதினாறு வயதுக் கதை உண்டு. 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது தமிழறிஞர் உ.வே.சா.வுக்கு வயது 16, ஆசிரியருக்கு 56. மாணவரின் வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவரும் அந்த ஆசிரியரே. ஆசிரியர் 1876-ல் மறைந்தார். மாணவரோ 57 ஆண்டுகள் கழித்தும் மறக்காமல், 1933-ல் அவருடைய வரலாற்றை நூலாக வெளியிடத் தொடங்கினார்.

★ மலாயாவில் நாளிதழிலேயே குருகுலம் நடந்தது! 1950-ல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ தொடங்கினார்கள். சிறுகதை எழுதக் கற்றுத் தந்த வகுப்பு அது.

★ 1952-ல் அதே இதழுக்கு ஆசிரியராக வந்தவர் கு. அழகிரிசாமி. இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துக் கதைகளைப் பற்றிப் பேசினார். 1957-ல் அவர் தாயகம் திரும்பியபோது மலாயாவில் ஒரு தலைமுறைக்குக் கதைக்கலை பிடிபட்டிருந்தது.

★ கோ. சாரங்கபாணி சிங்கப்பூர் வந்தது 1924-ல். 1935-ல் ‘தமிழ் முரசு’ இதழைக் கண்ட அவர், 1950-களில் அதன் ‘மாணவர் மணிமன்றம்’ பகுதி வழியாகப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் கொடுத்தார்.

★ ஜொகூரின் குளுவாங்கிலோ மூவாரிலோ உங்கள் வீட்டுப் பிள்ளையும் நோட்டில் ஏதாவது எழுதி வைத்திருக்கலாம். கேட்டு வாங்கிப் படியுங்கள். பிடித்த வரியை விரல் வைத்துக் காட்டுங்கள். அடுத்த பக்கத்தைப் பிள்ளை எழுதிவிடும்.