தவற்றின் தடம்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் வேளையை நம்மில் அறியாதார் இலர். பறித்தவரின் பெயருக்கு நேரே எடை பதியப்படுகின்றது. அப்பதிவு அலுவலகத்துக்குச் சென்று, மாத இறுதியிற் சம்பளமாகின்றது. சம்பளம் குறைந்தாற் பிழை எங்கே பிறந்தது? பணம் எண்ணிக் கொடுத்த எழுதுவினைஞரிடமா, நிறுத்த இடத்திலா? தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினாலன்றி விடை கிடையாது.

கணினி நிரலுக்கும் இது பொருந்தும். ஒரு செயற்கூறு மற்றொன்றை ஏவும். அது வேறொன்றை ஏவும். ஏவியவை யாவும், ஏவப்பட்டது திரும்பும்வரை, ஒன்றன்மேலொன்றாக அடுக்கிற் காத்திருக்கும். கூட்டும் செயற்கூற்றுக்கு எடைக்குப் பதிலாக வெற்றிடம் வந்தால், "எண் வேண்டும்" என்று அது முறையிடும். முறையிட்டதே குற்றவாளி அன்று. வெற்றிடம் எவர் கைவழி வந்தது என்பதை அறிய, அடுக்கை மேலிருந்து கீழாக எழுதிக் காட்டும் பட்டியல் வேண்டும். இதனைப் பின்தடம் என்பர்.

ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியை எடுத்துக்கொள்வோம். 1976 இல் மசாச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் தோன்றிய இக்கருவியின் குனூ வடிவத்தை, லிஸ்ப் மொழியை உள்ளடக்கி, ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1985 இல் வெளியிட்டார். இன்று அதிற் தமிழிலும் எழுதலாம்.

தவறு நேர்ந்தாலும் வேலை முழுவதும் நின்றுவிடாதபடி அதனைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஈமாக்ஸில் நெடுங்காலமாக உண்டு. ஆயின், தாங்கும் இடம் அடுக்கின் கீழே இருக்கும். செய்தி அங்கு வந்து சேருமுன் மேலே காத்திருந்தவை யாவும் கலைக்கப்பட்டுவிடும். அதன்பின் தடம் கேட்டால் தாங்கிய இடமே தெரியும். தவறு நேர்ந்த இடம் தெரியாது. இவ்வாறு தாங்கப்படும் தவறுகளில் வழுத்தேடியும் வழக்கமாக நிற்பதில்லை.

2025 பெப்ரவரியில் வெளிவந்த 30.1 ஆம் பதிப்பு இதற்கு ஒரு மருந்து தந்தது. "ஹேண்ட்லர்-பைண்ட்" என்னும் புதிய அமைப்பின்படி, அடுக்குக் கலையுமுன்னரே, தவறு நேர்ந்த கணத்திலேயே, விசாரிக்கும் செயற்கூறு அழைக்கப்படுகின்றது. அது தடத்தை முழுமையாகக் குறித்துக்கொள்ளலாம், கலைத்தல் பிறகுதான். கருத்துப் புதியதன்று, 1994 இல் தரப்படுத்தப்பட்ட காமன் லிஸ்ப் மொழியில் இது முன்னரே இருந்தது.

எனினும் ஓர் எல்லையை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். பணி முடித்துத் திரும்பிவிட்ட செயற்கூறு பின்தடத்தில் இராது. எடையை வாசித்து வெற்றிடத்தைத் தந்தது அவ்வாறு போயிருக்கலாம். ஆயினும், வெற்றிடம் எக்கையிலிருந்து எக்கைக்கு மாறியது என்பதைத் தடம் காட்டும். மேலே தேட அதுவே வழி.

ஆகவே, தாள்களை அகற்றுமுன் விசாரியுங்கள். இறுதியில் நின்றவர்மீது பழியை ஏற்றாதீர்கள். அவ்வெற்றிடத்தில் ஒரு பெண்ணின் ஒருநாட் கூலி மறைந்து கிடக்கலாம்.