ரயில் போன வழியில் மிதிவண்டி

நியூசிலாந்தின் தென்தீவில் ஒட்டாகோ என்னும் வட்டாரம் உள்ளது. அதன் உட்பகுதியில் இருக்கும் கிளைட், மிடில்மார்ச் என்ற இரண்டு சிற்றூர்களையும் 152 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்று இணைக்கிறது. அதில் காரோ லாரியோ செல்வதில்லை. மிதிவண்டி ஓட்டுபவர்கள், நடப்பவர்கள், குதிரையில் செல்பவர்கள் ஆகியோர் மட்டுமே செல்கின்றனர். ஒரு காலத்தில் அது ரயில் பாதையாக இருந்தது. இன்று அது 'ஒட்டாகோ மத்திய ரயில் தடம்' என அழைக்கப்படுகிறது.

இந்த ரயில் பாதையை அமைக்கும் பணி 1879ஆம் ஆண்டில் தொடங்கியது. தொழிலாளர்கள் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் மலையைக் குடைந்தனர். பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பினர். தண்டவாளம் கிளைட்டை எட்டியபோது 1907ஆம் ஆண்டு ஆகிவிட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஆட்டு மந்தைகளும் கம்பளி மூட்டைகளும் பழக்கூடைகளும் ரயிலில்தான் சென்றன. சாலைகள் மேம்பட்டதும் லாரிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. 1990ஆம் ஆண்டில் இந்தப் பகுதியில் ரயில் சேவை நின்றுபோனது.

ரயில் நின்றதும் வழியிலிருந்த சிற்றூர்களின் நிலை கவலைக்கிடமானது. வேலை தேடி இளையர்கள் வெளியூர்களுக்குச் சென்றனர். கடைகளிலும் விடுதிகளிலும் வியாபாரம் குறைந்தது. அந்நிலையில், நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 1993ஆம் ஆண்டில் அந்த நிலத்தைப் பொறுப்பேற்றது. அங்கே மிதிவண்டிப் பாதை அமைக்கும் திட்டம் உருவானது. "யார் இங்கு வந்து மிதிவண்டி ஓட்டப்போகிறார்கள்?" என்று உள்ளூர் மக்களிலேயே பலர் ஐயப்பட்டனர். எனினும், ஆர்வம் கொண்ட சிலர் நிதி திரட்டி உதவினர். தண்டவாளம் கிடந்த இடத்திலிருந்த பெரிய கற்களின்மேல் மிதிவண்டி ஓட்டுவது கடினம். ஆகவே, சிறு சரளைக்கற்கள் கொட்டிப் பாதை சமன்செய்யப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட பாலங்களுக்கு மரப்பலகைத் தளமும் பக்கவாட்டுக் கம்பிகளும் அமைக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது.

ரயிலுக்காக அமைத்த பாதை மிதிவண்டிக்கும் ஏன் பொருந்துகிறது? இதற்கான விடை ரயிலின் சக்கரத்தில் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு குறைவு. அதனால், அதிகப் பாரத்தையும் ரயிலால் எளிதாக இழுக்க முடிகிறது. ஆனால், அதே காரணத்தால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். எனவே, பொறியாளர்கள் செங்குத்தான ஏற்றங்களைத் தவிர்த்தனர். இந்தப் பாதையின் மிகக் கடினமான ஏற்றமே ஐம்பதில் ஒன்றுதான். அதாவது, 50 மீட்டர் முன்னே சென்றால் 1 மீட்டர் மட்டுமே உயரும். குன்று குறுக்கிட்ட இடங்களில் நேராக ஏறாமல், பாதையை வளைத்துச் சுற்றிக் கொண்டுசென்றனர். இதனால், பயிற்சி பெற்ற வீரர்கள் மட்டுமல்லாமல் சிறுவர்களும் முதியவர்களும்கூட இங்கு மிதிவண்டி ஓட்டலாம்.

ஏற்றம் மென்மையானது என்பதால் பயணமும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. கிளைட்டிலிருந்து புறப்படுபவர் ஏறத்தாழப் பாதித் தொலைவில் பாதையின் உச்சியை அடைவார். அது கடல் மட்டத்திலிருந்து 618 மீட்டர் உயரத்தில் உள்ளது. வழியில் சில இடங்களில் கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும். ஆனால், காலுக்கு ஓய்வு கிடைக்காது. கியரைக் குறைத்து, ஒரே சீராக மிதிப்பவர்களே களைப்பில்லாமல் செல்கின்றனர்.

அடுத்த சவால் பாதையின் மேற்பரப்பு. தார்ச்சாலையைவிடச் சரளைக்கல் பாதையில் மிதிவண்டி மெதுவாகத்தான் செல்லும். வளைவுகளில் திடீரெனத் தடையை அழுத்தினால் சக்கரம் சறுக்கிவிடும். மெல்லிய டயரைவிட அகலமான டயரே இங்கு ஏற்றது.

இவற்றையெல்லாம்விடக் கடுமையானது காற்று. மனியோடோட்டோ என்ற சமவெளியில் காற்றைத் தடுக்க மரங்கள் அதிகமில்லை. எதிர்காற்று வீசும் நாளில் சமதளப் பாதையும் மலையேற்றமாக மாறிவிடும். தட்பவெப்பமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கோடையில் வெயில் சுட்டெரிக்கும். குளிர்காலத்திலோ உறைபனி மூடும். பாதைக்கு அருகிலுள்ள ஓஃபிர் என்ற ஊரில் 1995ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெப்பநிலை, உறைநிலைக்குக் கீழே 21.6 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. ஆகவே, போதிய குடிநீர், குளிராடை, மழைச்சட்டை ஆகியவற்றை உடன் கொண்டுசெல்வது அவசியம்.

பூல்பர்ன் பள்ளத்தாக்கில் இரண்டு சுரங்கவழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுடையது. உள்ளே விளக்குகள் இல்லை. மிதிவண்டியைவிட்டு இறங்கி, கைவிளக்கின் ஒளியில் அதைத் தள்ளிக்கொண்டு நடப்பதே பாதுகாப்பானது. அருகில் 37 மீட்டர் உயரப் பாலம் ஒன்று பழைய கல்தூண்களின்மேல் நிற்கிறது. பாதை பண்ணைகளின் ஊடாகவும் செல்வதால் வழியில் வாயிற்கதவுகள் இருக்கும். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்த கதவை மூடியும் விட்டுச்செல்ல வேண்டும். ஒருவர் கவனக்குறைவாக இருந்தால் பண்ணைக்காரரின் ஆடுகள் வழிதவறிப் போய்விடும்.

முழுப் பாதையையும் கடக்கப் பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஐந்து நாள்கள் ஆகின்றன. இந்த மெதுவான பயணமே சிற்றூர்களுக்குப் பயன் தந்தது. காரில் செல்பவர் ஒரு சிற்றூரைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவார். மிதிவண்டியில் வருபவருக்கோ பசிக்கும், தாகமெடுக்கும், இரவு தங்க இடம் வேண்டும். ரயில் நிலையங்களை ஒட்டி வளர்ந்த ஊர்கள் வழியெங்கும் இருந்தன. அங்கிருந்த பழைய கட்டடங்கள் சில, பயணிகள் தங்கும் இடங்களாக மாறின. உணவகங்களும் மிதிவண்டிகளை வாடகைக்கு விடும் கடைகளும் தோன்றின. ஐயப்பட்டவர்களின் கேள்விக்குப் பயணிகளே விடையளித்தனர். இந்தப் பாதையின் வெற்றியைக் கண்ட நியூசிலாந்து அரசாங்கம், நாடு முழுவதும் மிதிவண்டிப் பாதைகளை உருவாக்கும் திட்டத்தை 2009ஆம் ஆண்டில் தொடங்கியது.

சிங்கப்பூரிலும் இத்தகைய பாதை ஒன்று உண்டு. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சென்ற மலாயா ரயில் பாதையில் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியுடன் ரயில் சேவை முடிவுக்கு வந்தது. சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம், மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஏற்ற பசுமைப் பாதையாக மாற்றப்பட்டது. புக்கிட் தீமாவில் உள்ள பழைய இரும்புப் பாலத்தை இன்றும் அங்கே காணலாம். மழைக்குப் பின் அங்கும் சில இடங்களில் சேறு இருக்கும்; வேகத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கு வழிவிட்டுச் செல்ல வேண்டும்.

பயன் முடிந்துவிட்டது என்று கருதப்பட்ட ஒன்றுக்குப் புதிய பயன் கிடைப்பதுண்டு. ஒட்டாகோவில் ரயில் திரும்பி வரவில்லை. ஆனால், அது போன வழியில் மனிதர்கள் மீண்டும் வரத் தொடங்கினர். சிற்றூர்கள் பிழைத்துக்கொள்ள அதுவே போதுமானதாக இருந்தது.