கும்மிடிப்பூண்டி: வேட்பாளர் சொல்றதுல எது அவர் கையில இருக்கு?

தமிழ்நாட்டு சட்டமன்றத் தொகுதிப் பட்டியல்ல நம்பர் 1 எது தெரியுமா? கும்மிடிப்பூண்டி. ஒரு பக்கம் ஆந்திர எல்லை, நடுவுல சிப்காட், குறுக்கே கொல்கத்தா ஹைவே. 2021-ல பாமக வேட்பாளர் எம். பிரகாஷை தோற்கடிச்சு திமுகவோட டி.ஜெ. கோவிந்தராஜன் இங்க ஜெயிச்சார்.

யாருக்கு ஓட்டுப் போடணும்னு நான் சொல்லப் போறதில்ல. எங்க வேலையில ஒருத்தர் "இதை முடிச்சுத் தர்றேன்"னு சொன்னா, முதல்ல கேக்கறது "அந்த சர்வருக்கு உங்களுக்கு ஆக்சஸ் இருக்கா?"ங்கறதுதான். வேட்பாளர்கிட்டயும் அதையே கேட்டுப் பார்ப்போம்.

முதல்ல வேலை. சிப்காட் பக்கத்துலயே வீடு, ஆனா உள்ள வேலை இல்லைங்கற கோபம் நிஜமானது. 2021 தேர்தல் அறிக்கையில திமுக, தொழிற்சாலை வேலைகள்ல 75 சதவீதம் தமிழர்களுக்குன்னு சட்டம் கொண்டு வர்றதா சொன்னது. இதே மாதிரி ஹரியானா ஒரு சட்டம் போட்டது. மாசம் 30,000 ரூபாய்க்குள்ள சம்பளம் இருக்கற தனியார் வேலையில 75 சதவீதம் உள்ளூர்க்காரங்களுக்கு. 2023 நவம்பர்ல பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு விரோதம்னு ரத்து பண்ணிடுச்சு. அதனால மேடையில 75 சதவீதம்னு கேட்டா, கைதட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: "அங்க விழுந்த சட்டம் இங்க எப்படி நிக்கும்?" பதில் இல்லன்னா, ஐடிஐ சீட்டு, பயிற்சி, தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வு பத்திப் பேசச் சொல்லுங்க. அதெல்லாம் மாநில அரசு நேரடியா செய்யக்கூடிய வேலை.

ரெண்டாவது மாசு. 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் ரெண்டுலயும் ஒரு ஆலைக்கு இசைவாணை தர்றது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அது மாநில அமைப்பு. ஆலையை எம்.எல்.ஏ. பூட்ட முடியாது. ஆனா எத்தனை ஆலைக்கு நோட்டீஸ் போச்சு, எத்தனை மேல நடவடிக்கைன்னு சட்டமன்றத்துல கேக்கலாம். அமைச்சர் சொல்ற பதில் அவைக் குறிப்புல ஏறிடும். "மாசை ஒழிப்பேன்"ங்கறதை விட "இந்தக் கேள்வியைக் கேப்பேன்"ங்கற வாக்குறுதி எவ்வளவோ மேல். அஞ்சு வருஷம் கழிச்சு நாமளே செக் பண்ணிக்கலாம்.

மூணாவது காட்டுப்பள்ளி துறைமுகம். அது பக்கத்துல பொன்னேரி தொகுதியில இருக்கு, ஆனா பழவேற்காடு ஏரியை நம்பி மீன் பிடிக்கறவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல விரிவாக்கற அதானி குழுமத்தோட திட்டம் இது. சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கறது ஒன்றிய அமைச்சகம். ஆனா மக்கள் கருத்துக் கேட்பை நடத்தறது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், முன்னிலை மாவட்ட நிர்வாகம். 2021 ஜனவரியில நடக்க இருந்த கூட்டம் தள்ளிப் போச்சு. அதனால "எல்லாம் டெல்லி கையில"ன்னு ஒரு வேட்பாளர் நழுவினா பாதி உண்மைதான். கூட்டத்துல எழுந்து எதிர்ப்பையோ ஆதரவையோ பதிவு பண்ண அவருக்கும் உரிமை உண்டு, நமக்கும் உண்டு.

புறநகர் ரயில் அதிகமா விடுவேன்னா? ரயில்வே ஒன்றிய அரசோடது. எம்.எல்.ஏ. கடிதம் எழுதலாம், அழுத்தம் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனா ஸ்டேஷன்ல இருந்து சிப்காட்டுக்கு அரசு பஸ், தெருவிளக்கு? அதைக் கேளுங்க. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் இருக்கு. அதுல வகுப்பறை, குடிநீர்த் தொட்டி, சாலைன்னு எதுக்கு எவ்வளவுன்னு அவர் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு. வேட்புமனுவோட படிவம் 26-னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் பண்ணணும். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதுல இருக்கும், தேர்தல் ஆணைய இணையதளத்துல யாரும் பார்க்கலாம். கொள்கை மட்டும் அதுல இருக்காது. அதை நம்ம தெருவுக்கு ஓட்டுக் கேக்க வரும்போதுதான் கேட்டு வாங்கணும். முடிஞ்சா வீடியோவும் எடுத்து வெச்சுக்கங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.